எண்ணெயும் எண்ணும்

ஒப்பரேஷன் தியேட்டர் மேசையில் ஆளைப் படுக்க வைத்ததும், மயக்க மருந்து கொடுக்கிற என்னுடைய முதல் வேலை நெற்றியைத் துடைப்பது. யாழ்ப்பாணத்தில் இது சின்ன வேலை இல்லை. விடியக் காலையிலேயே மூன்று குறி திருநீறு, யாரோ நல்லூரிலிருந்து கொண்டுவந்து பூசிவிட்ட சந்தனம், அதற்கு மேல் பொட்டு. முதல் நாள் தலைக்கு வைத்த நல்லெண்ணெய் நெற்றி வரைக்கும் இறங்கிப் பளபளக்கும். ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு தரம் துடைத்து, காயவிட்டு, துணித்துண்டால் ஒருக்கால் உரசிய பிறகுதான் அந்தப் பட்டியை ஒட்டலாம்.

தீவுப்பக்கத்து ஐயா ஒருவர், எண்பது தாண்டியவர், படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "திருநீறை அழிச்சுப்போட்டு என்னத்தைப் பிள்ளை ஒட்டுறாய்?"

"உங்கட மூளை என்ன சொல்லுது எண்டு கேக்கிற பட்டி ஐயா."

கொஞ்சம் யோசித்தார். "அது எனக்கே கேக்கிறேல்லை."

அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பட்டி. அதில் நான்கு வட்டங்கள் இருக்கின்றன. முதலாவது நெற்றி நடுவில், புருவங்களுக்கு நடுவில் மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் மேலே வரும். ஒன்று புருவத்துக்குச் சற்று மேலே, இன்னொன்று கண்ணுக்கும் தலைமயிருக்கும் இடையில் கன்னப்பொறியில். ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் ஐந்து செக்கன் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் அழுத்தாமல் விட்டால் அரை மணி நேரம் கழித்து, சத்திரசிகிச்சை நடுவில், ஆளின் முகம் துணிக்குள் மறைந்த பிறகு, மொனிட்டர் முறைப்பாடு சொல்லத் தொடங்கும். இந்தப் பட்டி ஒருவருக்கு ஒன்றுதான், விலையும் கூட. அதனால் எல்லோருக்கும் ஒட்டுவதில்லை. எண்ணெயில் ஒட்டி வீணாக்கிய இரண்டு பட்டிகளுக்காக நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

எண்ணெய் ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்றால், பிடிக்கப் பார்க்கும் மின்சாரம் அவ்வளவு மெலிந்தது. இதயத்தின் ஈ.சி.ஜி. மில்லிவோல்ட் கணக்கில் வரும். மூளையின் அலை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோவோல்ட் கணக்கு, பெரும்பாலும் நூறுக்குள். மனித மூளையிலிருந்து இதை முதலில் பதிந்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பேர்கர். பதிந்தது 1924இல், வெளியிட்டது 1929இல். மயக்க மருந்து கொடுத்தால் அந்த அலை மாறும் என்பதை 1937இலேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள். ஆனால் தியேட்டரில் நிற்கிற எங்களுக்கு அந்தக் கோட்டுக் காட்டை வாசிக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. தொண்ணூறுகளில் 'பிஸ்' என்று நாங்கள் சொல்லும் பைஸ்பெக்ட்ரல் இன்டெக்ஸ் வந்தபோது அந்தக் காட்டை ஒற்றை எண்ணாகச் சுருக்கித் தந்தது. 100 என்றால் முழு விழிப்பு. 0 என்றால் அலையே இல்லை. சத்திரசிகிச்சைக்கு 40 முதல் 60 வரை.

எவ்வளவு வசதி! அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

மயக்க மருத்துவத்துக்குள் நான் நுழைந்து சில மாதங்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடையெலும்பு முறிந்த ஒரு பெடியன். எண் 45இல் அழகாக நின்றது. நோவுக்கென்று 25 மில்லிகிராம் கீட்டமின் கொடுத்தேன். சில நிமிடங்களில் எண் 52, 58, 66 என்று ஏறியது. ஆள் விழிக்கப் போகிறான் என்று எனக்கு வியர்த்தது. செவோபுளூரேன் வாயுவைக் கூட்டினேன். எண் இறங்கவில்லை, இன்னும் கூட்டினேன். எண் அசையாமல் நிற்க, பிரெஷர்தான் இறங்கியது. மேல் அளவு 78.

கொன்சல்டன்ட் சேர் பக்கத்துத் தியேட்டரில் இருந்து வந்தார். மொனிட்டரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"கீட்டமின் குடுத்தனீரோ?"

"ஓம் சேர்."

"பிறகேன் எண்ணுக்குப் பின்னால ஓடுறீர்?"

வாயுவைக் குறைத்து, பிரெஷரை ஏற்றிவிட்டு, ஆள் நிதானமான பிறகு விளங்கப்படுத்தினார். ஊசியில் ஏற்றும் புரொப்போபோல், மூச்சில் போகும் செவோபுளூரேன் போன்றவை மூளையை மெதுவாக்கி மயக்குகின்றன. அலை பெரிதாகி, வேகம் குறைகிறது. எண்ணைக் கணக்குப் போடும் பெட்டி அந்த மாற்றத்தைத்தான் படித்து வைத்திருக்கிறது. கீட்டமின் வேறு வழியால் போகிறது. மூளையை அடக்கி வைக்கிற நரம்புக் கலங்களையே அது அடக்குவதால் அலைகள் வேகமாகின்றன. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினால் எவர் சொல்வதும் விளங்காது, இல்லையா? அதுவும் ஒரு மயக்கம்தான். பெட்டிக்கு அது தெரியாது, வேகமான அலையைக் கண்டால் விழிப்பு என்று எண்ணை ஏற்றிவிடும். நைட்ரஸ் ஒக்சைட் என்ற மயக்க வாயுவில் இன்னொரு சிக்கல். ஆள் ஆழமாவான், எண் கண்டுகொள்ளாது.

அன்று மாலை சேர் ஒரு வேலை செய்தார். வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, மொனிட்டர் திரையில் எண் தெரிகிற இடத்தின் மேல் ஒட்டிவிட்டார். "ரெண்டு கிழமைக்கு இதைக் கழட்டக் கூடாது. அலையைப் பாத்து எண்ணைச் சொல்லும், பிறகு தூக்கிப் பாரும்."

முதல் மூன்று நாள் எனக்கு அது வெறும் கிறுக்கல். நாலாம் நாள்தான் ஏதோ பிடிபட்டது. ஆள் விழித்திருக்கும்போது கோடு, காற்றில்லாத நேரத்துப் பண்ணைக் கடல் போல: தட்டையாக, மேலே பொடிப்பொடியான வேகச் சுருக்கங்கள். புரொப்போபோல் ஏறி, கண் மூடி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் போகும் அந்த அரை நிமிடத்தில் கடல் மாறுகிறது. கீரிமலைப் பக்கம் மாரியில் வருமே, அந்த மாதிரிப் பெரிய மெதுவான அலைகள், செக்கனுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. அவற்றின் முதுகில் இன்னொரு சின்ன அலை சவாரி செய்யும், செக்கனுக்குப் பத்துத் தரம் அளவில். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வரும் இதைத்தான் அல்பா என்கிறோம். பெரிய அலையும் அதன் மேல் அல்பாவும் சேர்ந்து ஓடினால் ஆள் நல்ல இடத்தில் இருக்கிறார். கத்தி வைத்தவுடன் அல்பா குலைந்து போனால் நோவு மருந்து போதவில்லையோ என்று யோசிக்க வேண்டும். எண் இதையெல்லாம் சொல்லும், ஆனால் பிந்திச் சொல்லும். கடந்த அரை நிமிடத்தையோ அதற்கு மேலோ கூட்டிக் கழித்து வரும் பழைய சங்கதி அது. அலை இந்த நிமிடத்துச் செய்தி.

இரண்டு கிழமை முடிந்தும் பிளாஸ்டரை நான் கழற்றவில்லை. நேர்ஸ் மிசி திரையைத் துடைக்கும்போது கழற்றிவிட்டார்.

இப்போது அந்தத் தீவுப்பக்கத்து ஐயா. இடுப்பெலும்பு முறிவு. வழமையில் முதுகில் ஊசி போட்டுக் காலை மட்டும் விறைக்க வைத்திருப்போம். அவர் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தார், முதுகெலும்புக்குள் இரத்தம் கசிந்தால் கதை வேறு. அதனால் முழு மயக்கம். வயது போகப் போக மருந்துத் தேவை குறையும் என்பது பாடம்: நாற்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு சதவீதம். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இளம் ஆளுக்கு வைக்கிற மாதிரி வாயுவை வைத்துவிட்டு, மற்ற வேலைகளில் கையை விட்டுவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் எண் 22. பழைய நானாக இருந்திருந்தால் 'நல்ல ஆழம், பயமில்லை' என்று சந்தோசப்பட்டிருப்பேன். அலையைப் பார்த்தேன். நேர்க்கோடு. ஒரு செக்கன், இரண்டு செக்கன், மூன்று செக்கன் ஒன்றுமே இல்லை. திடீரென்று ஒரு கொத்து அலை துள்ளி விழுந்தது. திரும்பவும் நேர்க்கோடு. மழை இருட்டில் இடையிடை மின்னி மறைவது போல. மூளை சும்மா கிடக்கிற இந்த நேரம் கடைசி 63 செக்கனில் எத்தனை சதவீதம் என்று மொனிட்டரின் ஓர் ஓரத்தில் தனியாகக் காட்டும். அன்று 40 காட்டியது. வாயுவைப் பாதியாகக் குறைத்தேன். கோடு உயிர் பெற்றது, பிரெஷரும் தானாக ஏறியது. வாயு குறைவாக வைத்தும் இப்படிச் சடுதியாக விழுந்தால் வேறு காரணம் தேட வேண்டும்: மூளைக்கு இரத்தம் போகவில்லையா, உடம்பு குளிர்ந்து விட்டதா, சீனி இறங்கி விட்டதா என்று. ஐயாவுக்கு அதெல்லாம் இல்லை. நான் கூட்டி வைத்ததுதான்.

அன்றிரவு ஐயாவுக்குத் தலை குழம்பியது. மகனைத் தம்பியின் பெயரால் கூப்பிட்டார். தோணியை இழுத்துக் கட்டச் சொல்லி வாட் முழுக்கச் சத்தம். மூன்றாம் நாள் தெளிந்து, என்னை அடையாளம் கண்டு "மூளை என்ன சொன்னது?" என்று கேட்டார். அந்த நேர்க்கோடுதான் அவரைக் குழப்பியது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். அலையைப் பார்த்து ஆழத்தைக் குறைத்தால் முதியவர்களின் குழப்பம் குறையுமா என்று 1,200க்கு மேற்பட்டவர்களில் செய்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. எலும்பு முறிவு, நோவு, புது இடம், நித்திரையில்லாமை எல்லாமே குழப்பும். இருந்தாலும் எண்பது வயது மூளையில் நேர்க்கோட்டைக் கண்டுகொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

எண் உயர்ந்தும் ஏமாற்றும், தாழ்ந்தும் ஏமாற்றும் என்று இதுவரை சொன்னேன். மூன்றாவது ஏமாற்றுத்தான் எனக்குப் பயம். நெற்றித் தசையின் மின்சாரமும் அதே பட்டியில்தான் ஏறுகிறது. தசைத் தளர்த்தி மருந்து கொடுத்தால் அந்தத் தசை அடங்கும், எண்ணும் இறங்கும். ஆள் மயங்கினாரா இல்லையா என்பது வேறு கதை. ஆஸ்திரேலியாவில் பத்துத் தன்னார்வலர்கள் முழு விழிப்பில், மயக்க மருந்தே இல்லாமல், தளர்த்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். 2015இல் வெளிவந்தது. கை கால் அசையாமல், எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தவர்களின் எண் 60க்குக் கீழே போனது. இதை வாசித்த அன்று எனக்கு ஒரு அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவருக்குப் பித்தப்பையில் கல். துளை போட்டு எடுக்கிற சின்னச் சத்திரசிகிச்சை. கிளினிக்கில் வழமையான கேள்விகள். முன்னர் மயக்க மருந்து எடுத்திருக்கிறீர்களா? ஓம், கடைசிப் பிள்ளைக்கு வயிற்றை வெட்டினது, முப்பது வருசத்துக்கு முன்னம். ஏதும் பிரச்சினை? இல்லை. நான் எழுதிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன். அவர் எழும்பவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார்.

"பிள்ளை, எனக்கு அப்ப எல்லாம் கேட்டது."

பேனையை வைத்துவிட்டேன்.

கத்தரிக்கோல் தட்டில் விழும் சத்தம். ஒருவர் மற்றவரிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டது. வயிற்றை யாரோ மாவு பிசைகிற மாதிரி. நோவைவிடத் தன்னால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் போனதுதான் பெரிய பயம் என்றார். செத்துப்போனேன், செத்த பிறகும் கேட்கும் போல என்று நினைத்தாராம். பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் உயிரோடு இருப்பது தெரிந்ததாம். வீட்டில் சொன்னார். கனவு கண்டிருப்பாய் என்றார்கள். பிறகு அவர் யாருக்கும் சொல்லவில்லை. முப்பது வருடமாக விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை.

அது எங்கே நடந்தது என்பது இங்கே தேவையில்லை. எங்கும் நடந்திருக்கலாம். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்ட அறிக்கையில், முழு மயக்கத்தில் இப்படி நினைவு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் சிசேரியன் செய்தவர்களை மட்டும் எடுத்தால் 670க்கு ஒருவர். பிள்ளைக்கு மருந்து போகக்கூடாதென்று குறைவாகக் கொடுப்பது, அவசரம், தசைத் தளர்த்தி எல்லாம் அங்கேதான் ஒன்று சேருகின்றன. அந்த அறிக்கையிலும் கூடுதலாகக் கலங்கியவர்கள், அசைய முடியாமல் கிடந்ததை உணர்ந்தவர்கள்தான்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இரண்டு வசனம். "அம்மா, அது கனவில்லை. நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன்." அவர் அழுதார். கிளினிக்கில் வெளியே முப்பது பேர் நின்றார்கள், மிசி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். நிற்கட்டும்.

வாசிக்கிறவர்களுக்கு இதில் உதவக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ இப்படி நடந்திருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். முன்னர் ஒருமுறை நடந்தவருக்குத் திரும்ப நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. எங்கள் திட்டமே மாறும். எடுக்கிற குளிசைகளைப் பெட்டியோடு கொண்டு வாருங்கள், 'வெள்ளைக் குளிசை, சின்னது' என்பது எங்களுக்கு உதவாது. நித்திரைக் குளிசை, வலிப்புக் குளிசை, நாட்டு வைத்தியரின் சூரணம் எல்லாமே சேர்த்தி. குடியைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நாளாந்தம் குடிப்பவருக்கு மருந்து கூடுதலாகத் தேவைப்படும். 'எப்பவாவது கொஞ்சம் கள்ளு' என்பது யாழ்ப்பாணத்தில் எவ்வளவு என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும். மனுசி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் இந்த ஊரில் ஒருவரும் குடிப்பதில்லை. அதனால் மனுசியை மருந்துச்சீட்டு எடுக்க அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் இந்த மெஷின் இல்லை என்றால் பயப்பட வேண்டுமா? தேவையில்லை. ஆபத்துக் கூடியவர்கள் 2,463 பேரில் செய்த ஆய்வு 2004இல் வந்தது, மெஷின் வைத்தவர்களில் இரண்டு பேர், வைக்காதவர்களில் பதினொரு பேர் விழிப்பை நினைவில் வைத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2011இல் ஏறக்குறைய 6,000 பேரில், மூச்சில் வெளிவரும் வாயுவின் அளவை அளந்து, குறைந்தால் அலாரம் அடிக்க வைத்துப் பார்த்தார்கள். மூளையலை மெஷின் அதை வெல்லவில்லை. வாயுவால் மயக்கும்போது அந்த அளவு மொனிட்டரும் கவனமாக நிற்கிற ஆளும் போதும். வாயு இல்லாமல் ஊசி மருந்தால் மட்டும் மயக்கி, தசைத் தளர்த்தியும் கொடுத்தால் கதை மாறும். எங்கள் வழமையான மொனிட்டரால் புரொப்போபோலை மூச்சில் அளக்க முடியாது. குழாய் கழன்றாலும் சேலைன் போகிற நரம்பு அடைத்தாலும் வெளியே தெரியாது. அங்கே நான் பட்டி இல்லாமல் தொடங்குவதில்லை.

அப்புறம் ஒரு சொல் விவகாரம். பயப்படாமல் இருக்க நாங்கள் 'நித்திரையாக்குவம்' என்கிறோம். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்த ஊர் இது. 'மயக்கம்' என்று ஒரு நல்ல சொல் கையில் இருக்க, நாங்கள் ஏன் நித்திரை என்கிறோம்? நித்திரையில் ஆளைத் தட்டினால் எழும்புவார், இதில் எழும்ப மாட்டார். மூளையலையும் இரவு நித்திரையின் அலை இல்லை. அந்த அம்மாவுக்கு 'நித்திரை' என்ற சொல்லே பயம். நித்திரையில் கேட்கும் அல்லவா?

சத்திரசிகிச்சை நாளன்று அவருடைய நெற்றியை நானே துடைத்தேன். திருநீற்றை அழிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான். மருந்து தொடங்க முன்னமே பட்டியை ஒட்டி, விழித்திருக்கும் அலையைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒருவரின் விழிப்பு தெரியாமல் அவரின் மயக்கத்தை எதனோடு ஒப்பிடுவது? தசைத் தளர்த்தி கொடுக்க முன்னர், பெரிய அலையும் அதன் முதுகில் அல்பாவும் வந்ததா என்று பொறுத்திருந்து பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தில் சேர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வாயு அளவு, பிரெஷர், நாடி எல்லாம் வழமைபோல். எண் 44க்கும் 52க்கும் இடையில் ஓடியது. தளர்த்தி முழுக்க இறங்கியதை அளந்து பார்த்த பிறகுதான் எழுப்பினேன். அசைய முடியாமல் கண் திறக்கிற ஒரு செக்கன்கூட அவருக்கு இன்னொரு தரம் வேண்டாம்.

பின்னேரம் வாட்டுக்குப் போய் 1970இலிருந்து பிரைஸ் என்ற மருத்துவரின் பெயரில் வழங்கும் கேள்விகளைக் கேட்டேன். மயங்க முன்னம் கடைசியாக என்ன நினைவு?

"நீ நெத்தியைத் தேய்ச்சது."

எழும்பும்போது முதல் நினைவு?

"தொண்டை நோ. ஆரோ என்ர பேரைக் கூப்பிட்டது."

இடையில் ஏதாவது?

மேலே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். "ஒண்டுமில்லை."

கனவு? அதுவும் இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது? வாட்டுத் தேத்தண்ணி.

இந்தக் கேள்விகளை ஒரு தரம் கேட்டால் போதாது. நினைவு சிலருக்கு நாள் கழித்துத்தான் மேலே வரும். அதனால் அடுத்த நாளும் கேட்டேன். ஒரு கிழமையில் தையல் பார்க்க வந்தபோது, கிளினிக் வாசலில் என்னைக் கண்டதும் ஒரு பை மாம்பழத்தைக் கையில் திணித்தார். கறுத்தக்கொழும்பான். நான் வாயைத் திறக்க முன்னமே அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது பிள்ளை? போய்ப் பழத்தைச் சாப்பிடு."